பைலட் கஸ்பரின் செப்புத் தகடு

லிந்துலைப் பக்கம் எங்கே நின்று கஸ்பர் வீடு எது என்று கேட்டாலும், "எந்தக் கஸ்பரு, பைலட்டா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேட்டவர் ஊருக்குப் புதியவராக இருந்தால் மிரண்டுபோவார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பைலட்டா! மிரள ஒன்றுமில்லை. கஸ்பர் ஒரு நாளும் விமானம் ஓட்டியவனில்லை. தோஹா விமான நிலையத்தில் ஏழு வருடம் விமானத்துக்குள் ஏறி இறங்கியவன் என்பது மட்டும் உண்மை. பயணிகள் இறங்கிய பிறகு ஏறுவான், அடுத்த பயணிகள் வருவதற்குள் இறங்கிவிடுவான். நடுவில் கிடைக்கிற நேரத்தில் சீட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கிற சோற்றுப் பருக்கைகளை மெஷினால் உறிஞ்சி எடுப்பான்.

முதல் லீவில் வந்தபோது, என்ன வேலை என்று யாரோ கேட்டார்கள். "பிளேன்ல வேல" என்றான். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு சொல் மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கஸ்பருக்கு வெள்ளைச் சட்டையும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். மறுத்துச் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. யாருக்குத்தான் வரும்? "பிளேன்ல நான் பாக்காத எடமே இல்ல. என்னா, எல்லாத்தயும் மண்டி போட்டுத்தான் பாத்தேன்" என்று இப்போது அவனே சொல்லிச் சிரிக்கிறான். இந்தச் சிரிப்பு வருவதற்குள் அவன் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

கஸ்பர் வேதக்காரன், அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவன். அவன் பெண்சாதி சண்முகவடிவு சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண். இரண்டு வீட்டாரும் குதிகுதியென்று குதித்து, களைத்து, கடைசியில் ஒத்துக்கொண்ட கல்யாணம். வடிவு கொழுந்து எடுக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கஸ்பர் லீவு முடிந்து கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால், இவள் லயத்தில் தங்கள் காம்பரா வாசல்படியில் உட்கார்ந்து போனில் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்று உண்டே, அதில். மஞ்சளாக ஒரு சின்ன விமானம் கரையைத் தாண்டும். கடலுக்கு மேல் கொஞ்ச தூரம் போனதும் சில தடவை அது காணாமல் போய்விடும். மறுபடி எங்கேயாவது தலைகாட்டும்வரை வடிவு எழுந்திருக்க மாட்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் சரிதான்.

"பிளேன் பாட்டுக்குப் போவுது, நீ பாத்து என்னா தள்ளியா விடப் போற?" என்று கஸ்பர் தோஹாவிலிருந்து கேலி பண்ணுவான்.

"அது பாட்டுக்குக் காணாமப் போயிருதே" என்பாள் அவள். அவ்வளவுதான் பதில்.

ஏழாவது வருடம் கஸ்பர் ஊரோடு வந்துவிட்டான். வரும்போது, தேயிலைக்கு மருந்தும் உரமும் அடிக்கிற பெரிய ட்ரோன் ஒன்றுக்குச் சேமிப்பையெல்லாம் கொட்டிவிட்டு வந்தான். செங்குத்து மலைகளில் முதுகில் மருந்துத் தொட்டி சுமந்து மருந்தடிக்கிற வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. மெஷின் வந்தால் டிவிஷன் முழுவதும் அந்த வேலையை அவனுக்கே தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். வடிவிடம் அவன் ஒன்று சொல்லித்தான் வைத்திருந்தான். "இது சரிவந்தா இங்கயே இருப்பேன். சரிவரலன்னா போய்த்தான் ஆகணும் புள்ள. ஏஜென்சிக்காரன் விசாவ வச்சுக்கிட்டு நிக்கிறான்." அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த மெஷினை, கன்று போடப் போகிற மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

மெஷினை ட்ரோன் என்று யாராவது சொன்னால் கஸ்பருக்குப் பொத்துக்கொண்டு வரும். "ட்ரோன் இல்ல, விமானம்னு சொல்லு. ஆளில்லா விமானம்!" மருந்தடிக்கிற கூட்டத்துத் தலைவன் ஜீவராஜ், கஸ்பரோடு ஒன்றாகப் படித்து ஒன்றாக ஃபெயிலானவன், இதற்கென்றே "என்னா மச்சான், ஒன்னோட காத்தாடி எப்படி?" என்பான்.

முதல் நாள் பறக்கவிடுவதற்கு முன்னால் வடிவு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். திருஷ்டி கழித்துவிடலாம் என்றாள். அவ்வளவுதான், பைலட்டுக்கு ஏறிவிட்டது. காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னாலும் ஒரு பிரசங்கம் வைத்தான். வானத்துச் செய்மதி என்றான், காந்தம் என்றான், "தோஹாவுல முந்நூறு பேரு ஏத்திக்கிட்டுப் போற பிளேனுக்கு எவன் எலுமிச்சம்பழம் வெட்டுறான்?" என்றான். "இது சயன்ஸ். இதுக்குக் கண்ணும் படாது, மூக்கும் படாது!" வடிவு பழத்தை மடியில் கட்டிக்கொண்டு போய் ஊறுகாய் போட்டாள்.

மெஷின் எழும்பியது. "அடேயப்பா! என்னா ஒசரம் போவுது!" என்று ஜீவராஜ் வாயைப் பிளந்தான். அன்று பின்னேரமே அது சவுக்கு மரத்தில் மோதி இறக்கை இரண்டை முறித்துக்கொண்டது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். சயன்ஸ்காரன் கஸ்பர் என்ன செய்தான் தெரியுமா? இறக்கையை மாற்றிய கையோடு, லிந்துலை டவுனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சுற்றுவழியாகக் காளியம்மன் கோயிலுக்குப் போனான். பூசாரியிடம் தீப்பெட்டி அளவில் செப்புத் தகடு ஒன்று மந்திரித்து வாங்கினான். மெஷினின் மேல்மூடியைக் கழற்றி, உள்பக்கத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒட்டினான். காளியம்மனை வைத்துவிட்டு அந்தோனியாரை விட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? பக்கத்திலேயே அந்தோனியார் மெடல் ஒன்றையும் ஒட்டினான். மூடியைப் பூட்டினான். ஊருக்குத்தானே உபதேசம்!

அதற்குப் பிறகு மெஷின் ஒரு மரத்திலும் மோதவில்லை. கஸ்பர் ஓட்டப் பழகிக்கொண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவன் மனசுக்குள் பேர் வாங்கியது தகடுதான்.

அப்போதுதான் கண்டாக்கு சுதாகரன் ஒரு நாள் பெரட்டில் கஸ்பரைக் கூப்பிட்டார். தோட்டத்து மலைவேலையெல்லாம் அவர் மேற்பார்வையில்தான் நடக்கிறது. "கஸ்பரு, புது ஒழுங்குச் சட்டம் வந்திருக்கு. இந்த மாதிரிப் பாரந் தூக்கிப் பறக்கிறதெல்லாம் இனிமே விமானக் கணக்காம். பதியணும், நம்பர் ஒட்டணும். அது எங்க பறக்குதுன்னு தானே சொல்லிக்கிட்டிருக்கிற கருவியும் பூட்டணும். கொழும்புலருந்து பரிசோதகர் வர்றாரு. அவரு சரின்னு சொன்னாத்தான் தொரை வேலை குடுப்பாரு."

கஸ்பருக்கு முதல் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. "கேட்டியா மச்சான்? விமானக் கணக்கு! கவுருமெண்டே சொல்லிருச்சு!" என்று ஜீவராஜின் தோளைப் பிடித்து உலுக்கினான். மிச்சப் பாதி வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகவே செய்தான். மெஷினைத் தன் பேரில் பதிந்தான். வந்த நம்பரை இரண்டு பக்கமும் எட்ட நின்று படிக்கிற மாதிரி ஒட்டினான். கண்ட கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்காமல், அங்கீகாரம் உள்ள கருவிதானா என்று நாலு பேரிடம் கேட்டு வாங்கினான். கருவியின் இலக்கத்தையும் மெஷினின் பதிவையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டான். சேர்க்காவிட்டால் கருவி யார் பேரைச் சொல்லிக் கத்தும்? கடைசியாக, வானத்தைப் பார்த்த மாதிரி மெஷினின் உச்சியில், மேல்மூடிக்கு அடியில் பூட்டினான். மூடி பிளாஸ்டிக்தான், பிளாஸ்டிக்கைத் தாண்டிச் சிக்னல் போகும், பயப்படாதே என்று கடைக்காரரும் சொல்லியிருந்தார். மூடிக்குள் அம்மன் குடியிருப்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

"இது என்னா செய்யும் மச்சான்?" என்று ஜீவராஜ் கேட்டான்.

"பெரட்டுல நாம பேரு குடுக்கிறோம்ல, அதான். செய்மதிகிட்டருந்து எடத்தத் தெரிஞ்சுக்கிட்டு, 'நான் கஸ்பரு மெஷின், இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு விடாமச் சத்தங் குடுக்கும். கீழ இருக்கிறவங்க போன்ல ஒரு புள்ளி தெரியும். மேல வேற பிளேன் வந்தா அதுக்கும் தெரியும். பேரு குடுக்காதவனுக்கு அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

நன்றாகத்தான் விளக்கினான். வாசலில் மூடியைத் திறந்து வைத்துச் சோதித்தபோது புள்ளியும் பளிச்சென்று தெரிந்தது. மூடியைப் பூட்டி மலைக்குக் கொண்டுபோனான். புள்ளி வந்தது, போனது, எங்கேயோ அடுத்த தோட்டத்தில் தலைகாட்டியது, மறுபடி போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தால் சமர்த்தாக நிற்கிறது. மலைக்குப் போனால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. கஸ்பர் மலையைத் திட்டினான். மூடுபனியைத் திட்டினான். கருவி விற்றவருக்குப் போன் போட்டு, அந்த மனுசன் இனி மலைநாட்டுக்காரருக்கே சாமான் விற்பதில்லை என்று முடிவெடுக்கிற அளவுக்குத் திட்டினான். வயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான், தகட்டைத் தவிர. அது சாமி காரியம். சாமியைச் சந்தேகப்படுவது எந்த வேதத்தில் இருக்கிறது?

கடைசியில் காரணத்தைக் கண்டேபிடித்துவிட்டான். ஜீவராஜின் கண்! பழைய தகட்டில் சத்து குறைந்துவிட்டது. மறுபடியும் டவுனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காளியம்மன் கோயிலுக்குப் போனான். இந்த முறை பூசாரியிடம் ரொட்டி அகலத்துக்கு ஒன்று வாங்கிவந்து, மூடியின் உள்பக்கம் முழுவதையும் அடைத்து ஒட்டினான். அதன் பிறகு வருவதும் போவதுமாக இருந்த அந்தக் கொஞ்சநஞ்சப் புள்ளியும் அறவே நின்றுபோனது.

நாள் நெருங்க நெருங்கக் கஸ்பருக்குச் சோறு இறங்கவில்லை. ஏஜென்சிக்காரன் தினம் போன் எடுத்து, அந்த வாரத்துக்குள் சரி சொல்லாவிட்டால் விசாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று கஸ்பர் போனை வைத்தான். வடிவு அலமாரிக்கு மேலிருந்த அவனது பயணப் பையை இறக்கித் துடைத்துக் காயப் போட்டிருந்தாள். போகப் பயமாக இருந்தது. இருக்கவும் வழி தெரியவில்லை.

பரிசோதகர் வந்த அன்று, அதிசயமாக, பனியே இல்லை. விளையாட்டுத் திடலில் வெயில் அடித்தது. பனியின் மேல் பழியைப் போடலாம் என்றிருந்த கஸ்பருக்கு அதுவும் போயிற்று. கண்டாக்கு சுதாகரன் நின்றார். ஜீவராஜும் வேலையாட்களும் நின்றார்கள். வடிவு மலையிலிருந்து நேராக, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு வந்து ஓரமாக நின்றாள்.

பரிசோதகர் சிங்களவர், நிதானமான மனிதர். பதிவைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், கருவியின் இலக்கத்தைக் கேட்டார். எல்லாம் சரி என்றார். கஸ்பர் மெஷினை எழுப்பினான். அழகாக எழும்பி நடு ஆகாயத்தில் நின்றது. பரிசோதகர் கையிலிருந்த டெப்பின் திரையைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார். மறுபடி டெப்பைப் பார்த்தார்.

"மெஷின் அங்கே நிற்கிறது. இதில் இல்லையே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இறக்கி, நிறுத்தி, மறுபடி எழுப்பினான். ஒன்றும் தெரியவில்லை. பரிசோதகர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "கருவிக்கு மேலே இரும்பு, செம்பு, தகரம் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் வானத்திலிருந்து வருவதும் உள்ளே வராது, உள்ளேயிருந்து போவதும் வெளியே போகாது."

செம்பு என்ற சொல் கஸ்பரின் உச்சந்தலையில் இறங்கியது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மூடியைத் திறந்தால் தெரிகிற புள்ளி, பூட்டினால் போகிற புள்ளி, பெரிய தகடு வந்ததும் செத்துப்போன புள்ளி! அட மடப்பயலே! மூடியைத் திறக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? சுற்றி நின்றவர்கள் யார்? எலுமிச்சம்பழத்துக்குப் பிரசங்கம் கேட்ட அதே பெரட்டுக் கூட்டம். கஸ்பரின் வாய் அவனைக் கேட்காமலே சிங்களத்தில் சொன்னது:

"நே மாத்தயா. ஒன்றும் இல்லை."

பரிசோதகர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் கருவியில்தான் கோளாறு. நான் பார்க்க முடியாத மெஷினைப் பறக்கவிட எனக்கு அனுமதி இல்லை. மாற்றிவிட்டு, அடுத்த முறை நான் இந்தப் பக்கம் வரும்போது காட்டுங்கள்." அடுத்த முறை என்றால் மாசக்கணக்கு. டெப்பை மூடி உறையில் போட்டார். சுதாகரன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

வடிவு மெல்ல அவன் பக்கத்தில் வந்தாள். அழவில்லை. "ஏங்க, அப்ப ஏஜென்சிக்காரனுக்குச் சரின்னு சொல்லிரட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

கஸ்பர் அவளைப் பார்த்தான். வாசல்படியும் போனும் அடிப்பிடித்த சோறும் அவன் கண்ணுக்குள் வந்தன. மானமா இவளா என்று கேட்டால் எந்த மடையனும் பதில் சொல்லிவிடுவான். தானும் ஒரு மடையன்தானே என்று நினைத்துக்கொண்டான்.

"மாத்தயா, கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினான். அவசரத்தில் தமிழ்தான் வந்தது. "பொய் சொல்லிட்டேங்க. இருக்குங்க. செம்புதான். ஒண்ணு இல்ல, ரெண்டு!"

மூடியைக் கழற்றி, எல்லோருக்கும் தெரிய, கவிழ்த்துப் பிடித்தான். ரொட்டி அகலத் தகடு வெயிலில் மின்னியது. அதன் பக்கத்தில் தீப்பெட்டித் தகடு. மூலையில் அந்தோனியார்.

ஜீவராஜ்தான் முதலில் தொடங்கினான். "அடப்பாவி பைலட்டு! எங்களுக்கு சயன்ஸ் படிச்சுக் குடுத்துட்டு, நீ உள்ளுக்கு ஒரு கோயிலே கட்டி வச்சிருக்கியேடா!"

"ஒன்னோட கண்ணுக்குத்தான்டா கட்டுனேன்" என்றான் கஸ்பர். "சின்னதா இருக்கிறப்ப அரைநாள் வேலைக்காரனுக்கு மாதிரி அரைப்பேராவது விழுந்துச்சு. பெருசா வச்சு அதையும் நானே கெடுத்துக்கிட்டேன். நல்லாச் சிரி. நானே சிரிக்கிறேன்!"

கண்டாக்கு ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வடிவு மட்டும் சிரிக்கவில்லை. தகட்டைப் பிய்த்தெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இதக் காலுல கட்டியிருக்க மாட்டேனா? தலையில கொண்டுபோயா வைப்பாங்க?" என்றாள்.

என்ன நடக்கிறது என்று சுதாகரன் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். பரிசோதகர் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். மணிக்கட்டில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல் இருந்தது. "சாமியை எடுக்கச் சொல்லி எந்த ஒழுங்கிலும் இல்லை. வானத்தை மறைக்காமல் வையுங்கள், அவ்வளவுதான்" என்றார். வடிவே தகடுகளை மெஷினின் கால் கம்பியில் பாரம் சரிபார்த்துக் கட்டினாள். அந்தோனியார் சின்னவர், அவரால் தொந்தரவில்லை. இருந்தாலும் வழக்கு எதற்கு என்று அவரையும் கீழேயே இறக்கினார்கள்.

மெஷின் எழும்பியது. டெப்பில் புள்ளி வந்தது. நின்றது. மெஷின் போன பக்கமெல்லாம் போனது. பரிசோதகர் சரி என்று தலையாட்டிவிட்டு, சொந்தக்காரரின் போனிலும் இதைப் பார்க்கலாம் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தார். போனை வடிவு வாங்கிக்கொண்டாள்.

மெஷின் அவள் தலைக்கு மேலேயே இரைந்துகொண்டு நின்றது. அவளோ போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேலதானே நிக்குது, நிமிந்து பாரேன் புள்ள" என்றான் கஸ்பர்.

"ஏழு வருசம் நிமிந்து பாத்தேன். ஒண்ணுந் தெரியல. இதுலதான் தெரிஞ்சுச்சு." புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். "ஏங்க, இது கடலுக்குப் போகாதுல்ல?"

"எங்க போறது? அந்தச் சவுக்கு மரத்தத் தாண்டுறதுக்குள்ள பேட்டரி முடிஞ்சிரும்." வழக்கம்போல இன்னொரு பகிடியும் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. வடிவு அப்போதுதான் அழுதுகொண்டிருந்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஏஜென்சிக்காரன். கஸ்பர் மெஷினைப் பத்திரமாக இறக்கி நிறுத்திவிட்டுத்தான் எடுத்தான்.

"இல்லைங்க, நான் வரல" என்றான். "எனக்கு இங்கயே பேரு போட்டுட்டாங்க."